கவலைப்படாமல் இருந்தால் ஏதாவது நடந்துவிடுமா?

மலேசியாவின் பேராக்கில், சுங்கை சிப்புட் வட்டாரத்து எஸ்டேட் பட்டணம் ஒன்றிலிருந்து ஒரு சகோதரி எழுதியிருக்கிறார். வயது 44. தோட்ட ஆபீஸில் இருபது வருடமாகக் கிராணி (எழுத்தர்) வேலை. கணவர் செம்பனைக் குலை ஏற்றும் லோரி ஓட்டுகிறார். மகள் கோலாலம்பூரில் அறை எடுத்துத் தங்கி வேலை பார்க்கிறாள், மகன் ஐந்தாம் படிவம், இந்த வருடம் எஸ்.பி.எம். அரசுத் தேர்வு. வீட்டில் இனிப்பு நீர் உள்ள தாயாரும் இருக்கிறார். ஆளை அடையாளம் தெரியக்கூடாது என்பதால் சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

‘மனசு ஓயவே மாட்டேங்குது டாக்டர்’ என்று தொடங்குகிறது கடிதம். இரண்டு வருடமாகவே இப்படித்தானாம். லோரி அரை மணி நேரம் தாமதித்தால் விபத்துதான் என்று மனம் முடிவு கட்டிவிடுகிறது. மகள் பத்து நிமிடத்தில் புலனத்தில் (வாட்ஸ்அப்) பதில் போடவில்லை என்றால் அழைக்கிறார்; அவள் எடுக்கவில்லை என்றால் அவளுடைய அறைத்தோழியை அழைக்கிறார். மகள் இப்போதெல்லாம் எரிந்து விழுகிறாளாம். தோட்டத்தை வீடமைப்புக்கு விற்கப்போகிறார்கள் என்று ஒரு பேச்சு அடிபடுகிறது. வேலையும் போய், குவார்ட்டர்ஸும் போனால் எங்கே போவது? தாயாரின் சர்க்கரை அளவு, மகனின் தேர்வு, செக்ரோலில், அதாவது தொழிலாளர் வருகைப் பதிவேட்டில், ஒரு பெயரை மாற்றிக் குறித்துவிட்டோமோ என்பது வரை, கவலைக்குள் வராத விஷயமே இல்லை.

உடம்பும் சும்மா இருக்கவில்லை. தோளும் கழுத்தும் இறுகிப்போகின்றன. காலையில் ஆபீஸ் கிளம்புமுன் இரண்டு மூன்று முறை வயிறு கலக்குகிறது. விடியற்காலை மூன்று மணிக்கு விழிப்பு வந்தால் அப்புறம் தூக்கம் இல்லை. நெஞ்சு படபடக்கிறது என்று மூன்று தனியார் கிளினிக்குகளில் ஈ.சி.ஜி. எடுத்தார், மூன்றிலும் ஒன்றுமில்லை. பக்கத்து வீட்டு அக்கா தன்னுடைய சானாக்ஸ் மாத்திரையில் பாதியைக் கொடுத்தார். அது அற்புதமாக வேலை செய்தது. இப்போது வாரத்தில் நான்கைந்து நாள் அந்தப் பாதி தேவைப்படுகிறது.

தாயார் பரிகாரம் செய்யச் சொல்கிறார். கணவர் ‘வேலை இல்லாம யோசிக்கிற’ என்கிறார். அரசு கிளினிக்குக்குப் போனால் மனநல மருத்துவமனை இருக்கும் ‘தஞ்சோங் ரம்புத்தானுக்கு அனுப்பிடுவாங்களோ’ என்று பயம். கடைசியாக, எனக்கு மிக முக்கியமாகப் பட்ட ஒன்று: போன வருடம் காய்ச்சலில் தூங்கிப்போய், கணவருக்கு ஒரு நாள் ஃபோன் செய்யவில்லை. அன்றுதான் லோரி கால்வாயில் இறங்கி அவருக்கு முட்டியில் அடி. ‘அன்னிக்கு நான் கவலைப்படாம விட்டேன், அதான் நடந்துச்சு. கவலையை விட்டா மறுபடியும் ஏதாவது நடந்துடுமா?’

சகோதரி, கடிதத்தை மட்டும் வைத்து நான் நோய்க்குப் பெயர் வைப்பதில்லை. நேரில் பார்த்துத்தான் சொல்ல வேண்டும். ஆனால் நீங்கள் எழுதியிருப்பதெல்லாம் பொதுப்படையான பதற்றக் கோளாறு என்று நாங்கள் சொல்வதோடு நன்றாகவே பொருந்துகிறது. ஜி.ஏ.டி. என்பார்கள், கிளினிக் தாளில் மலாயில் ‘கெரெசாஹான்’ என்று பார்ப்பீர்கள். குறைந்தது ஆறு மாதம், பெரும்பாலான நாட்களில், பல விஷயங்களைப் பற்றி, அடக்க முடியாத கவலை இருக்க வேண்டும். அதோடு நிலைகொள்ளாமை, சீக்கிரம் களைத்துப்போவது, கவனம் சிதறுவது, எரிச்சல், தசை இறுக்கம், தூக்கக் கேடு ஆகிய ஆறில் குறைந்தது மூன்று இருக்க வேண்டும். இவை அன்றாட வாழ்க்கையையும் கெடுக்க வேண்டும். இதுதான் அளவுகோல். நம் ஊர்ப் பக்கம் இதை ‘நரம்புத் தளர்ச்சி’ என்பார்கள். உங்கள் நரம்புக்கு ஒரு குறையும் இல்லை.

இது பைத்தியத்தின் ஆரம்பமா என்று கேட்டிருந்தீர்கள். இல்லை. பதற்றக் கோளாறு முற்றி மனச்சிதைவு ஆவதில்லை, இரண்டும் வேறு வேறு. ஆனால் வருடக்கணக்கில் கவனிக்காமல் விட்டால் மனச்சோர்வு வந்து சேர்ந்துகொள்வது உண்டு. நான் அவசரப்படுத்துவது அதற்காகத்தான். இந்தக் கோளாறு ஆண்களைவிடப் பெண்களுக்கு ஏறக்குறைய இரு மடங்கு வருகிறது, ஓரளவு பரம்பரையும் உண்டு. பரிகாரம் தேடி அலையும் உங்கள் தாயாரையும் ஒருநாள் யாராவது உட்காரவைத்து விசாரித்தால் நல்லது என்று தோன்றுகிறது.

கவலைதான் காவலா?

அந்த லோரி விஷயத்துக்கு வருவோம். காய்ச்சல் வந்த அந்த ஒரு நாளுக்கு முன்னால் எத்தனை நூறு நாள் ஃபோன் செய்திருப்பீர்கள்? அந்த நாட்களிலெல்லாம் அவர் பத்திரமாக வந்தது உங்கள் ஃபோனாலா, அவர் கைப்பழக்கத்தாலா? மழையில் செம்மண் ரோடு வழுக்கியது, குலை ஏற்றிய வண்டி சரிந்தது. நீங்கள் விழித்திருந்தாலும் ரோடு வழுக்கித்தான் இருக்கும். ஆனால் மனம் கணக்கு எழுதும் விதம் வேறு. கவலைப்பட்டு ஒன்றும் நடக்காத நாட்களைக் ‘கவலையின் புண்ணியம்’ என்று வரவு வைக்கிறது, கவலைப்படாமல் ஏதோ நடந்த ஒரே நாளைச் சாட்சியாகப் பிடித்துக்கொள்கிறது. செக்ரோலை இப்படி எழுதினால் உங்கள் மேனேஜர் ஒத்துக்கொள்வாரா?

இன்னொன்றையும் சொல்ல வேண்டும், கோபித்துக்கொள்ளாதீர்கள். லோரி ஓட்டிக்கொண்டிருப்பவரை ஒரு நாளைக்கு ஆறு முறை ஃபோனில் அழைக்கிறீர்கள் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். உங்கள் பட்டியலில் இருப்பவற்றில் உண்மையிலேயே விபத்தைக் கொண்டுவரக்கூடியது இதுதான்.

அழைத்ததும் அவர் குரல் கேட்கும், உடனே ஒரு நிம்மதி. அந்த நிம்மதிதான் வில்லங்கம். இருபது நிமிடத்தில் அது தேய்ந்துவிடும், மறுபடி அழைக்கத் தோன்றும். ஒவ்வோர் அழைப்பும் ‘அழைத்ததால்தான் தப்பித்தோம்’ என்று மூளைக்குச் சொல்லிக்கொடுக்கிறது. மூன்று ஈ.சி.ஜி.க்களும் அப்படித்தான். ஒன்று போதுமானதாக இருந்தது. மற்ற இரண்டும் நிம்மதிக்காக எடுத்தவை. பரிகாரத்தையும் இதே கண்ணால் பாருங்கள். கோயிலுக்குப் போய் மனம் அமைதியாகிறது என்றால் தாராளமாகப் போங்கள், நான் குறுக்கே நிற்க மாட்டேன். ஒரு பரிகாரம் முடிந்து அடுத்த வாரம் இன்னொன்று, அதற்கு இத்தனை வெள்ளி என்று போக ஆரம்பித்தால் நிறுத்திவிடுங்கள்.

எல்லாக் கவலையும் கற்பனை இல்லை. தோட்டம் விற்கப்படுவது பேராக்கிலும் சிலாங்கூரிலும் நாம் கண்ணால் பார்த்ததுதான். அதைப் பற்றி யோசிப்பது நோயல்ல. அதே கேள்வியை இரவு மூன்று மணிக்கு, பதில் தேடாமல், நூறு முறை சுற்றுவதுதான் நோய். இப்படிப்பட்ட கவலைக்கு மாத்திரையைவிட விவரம் நன்றாக வேலை செய்யும். நான் வக்கீல் இல்லை, ஆனாலும் இவ்வளவு தெரியும்: ஆட்குறைப்பில் வேலை போனால் 1980-ஆம் ஆண்டு விதிமுறைகளின்படி, ஐந்து வருடமும் அதற்கு மேலும் வேலை செய்தவருக்கு வருடத்துக்கு 20 நாள் சம்பளம் என்ற கணக்கில் இழப்பீடு உண்டு. உங்கள் இருபது வருடத்துக்கு அது 400 நாள் சம்பளம். புதிய முதலாளி குறையாத நிபந்தனைகளில் வேலையைத் தொடரச் சொன்னால் கணக்கு மாறும். சொக்சோ என்னும் சமூகப் பாதுகாப்பு நிறுவனத்தின் வேலை காப்புறுதித் திட்டமும் இருக்கிறது. ஒரு நாள் லீவு எடுத்து, தொழிலாளர் அலுவலகத்திலும் உங்கள் ஊழியர் சங்கத்திலும் கேட்டு, ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். குவார்ட்டர்ஸைப் பற்றியும் அங்கேயே கேளுங்கள்.

அந்தப் பாதி மாத்திரை

சானாக்ஸ் என்பது அல்பிரசோலாம். குடித்த ஒரு மணி நேரத்துக்குள் பதற்றத்தைத் தணித்துவிடும். சில மணி நேரத்தில் வேகம் குறைந்ததும் பதற்றம் முன்பைவிட அதிகமாகத் திரும்பி வரலாம். பிறகு பாதி போதாமல் முழுசு வேண்டியதாகலாம். சில வாரங்களிலேயே உடம்பு அதற்குப் பழகிவிடக்கூடிய மருந்து இது. இதை நாங்கள் கொடுப்பதே குறுகிய காலத்துக்கு, தேர்ந்தெடுத்த சிலருக்குத்தான். மருத்துவர் எழுதிக் கொடுத்த ஆளைத் தவிர வேறு கைக்குப் போகக்கூடாது. அந்த அக்கா அன்பாகத்தான் கொடுத்தார், சந்தேகமில்லை. ஆனால் அதைப் போட்டுக்கொண்டு காலையில் மோட்டார் சைக்கிளில் ஆபீஸ் போகிறீர்கள். அரைத் தூக்கத்தில் வண்டி ஓட்டுவது போல்தான் அது.

இதைப் படித்துவிட்டு இன்றே தூக்கிப்போட்டுவிடாதீர்கள். தொடர்ந்து எடுத்துவந்ததை ஒரேயடியாக நிறுத்தினால் நடுக்கம், தூக்கமின்மை, சிலருக்கு வலிப்புகூட வரலாம். எவ்வளவு எடுக்கிறீர்கள், எத்தனை நாளாக என்பதை மருத்துவரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். அவர் படிப்படியாகக் குறைக்கச் சொல்லித் தருவார். பக்கத்து வீட்டு அக்கா பெயரைச் சொல்ல வேண்டிய அவசியமில்லை.

கிளினிக்கில் என்ன நடக்கும்

உங்கள் பட்டணத்து அரசு சுகாதார கிளினிக்கே போதும். குடிமக்களுக்கு ஒரு வெள்ளி (ரிங்கிட்), மருந்தும் அதில் அடக்கம். ஒரு கேள்வித்தாள் தருவார்கள். ஜி.ஏ.டி.-7 என்ற தாள் என்றால் ஏழே கேள்விகள், கடந்த இரண்டு வாரத்தைப் பற்றி. 0 முதல் 21 வரை மதிப்பெண். 5 முதல் லேசானது, 10 முதல் நடுத்தரம், 15-ம் அதற்கு மேலும் கடுமை. இது பரீட்சையல்ல, உண்மையைக் குறியுங்கள். கிராணி வேலை பார்த்தவர்களுக்குத் தாளை அழகாக நிரப்பும் பழக்கம் உண்டு என்பதால் சொல்கிறேன்.

ரத்தமும் எடுக்கச் சொல்லிக் கேளுங்கள். தைராய்டு கூடினாலும் படபடப்பு, வயிற்றுப்போக்கு, தூக்கமின்மை எல்லாம் வரும். ரத்தசோகையிலும் நெஞ்சு அடித்துக்கொள்ளும். 44 வயதில் மாதவிடாய் மாறத் தொடங்கியிருந்தால் அதையும் சொல்லுங்கள். இவற்றைப் பார்க்காமல் ‘எல்லாம் மனசுதான்’ என்று முடிப்பது சரியான வைத்தியம் இல்லை.

தஞ்சோங் ரம்புத்தான் பயத்தைப் பற்றி. 1911-இல் தொடங்கிய அந்த மருத்துவமனையின் பெயரைச் சொல்லித்தான் பேராக்கில் தலைமுறை தலைமுறையாகப் பிள்ளைகளை மிரட்டியிருக்கிறோம். இன்று அது பஹாகியா உலு கிந்தா மருத்துவமனை. பதற்றக் கோளாறுக்காக யாரையும் பிடித்து உள்ளே போட மாட்டார்கள். ஒருவரை அவர் விருப்பமில்லாமல் சேர்க்க 2001-ஆம் ஆண்டு மனநலச் சட்டத்தில் கட்டுப்பாடுகள் இருக்கின்றன. தனக்கோ பிறருக்கோ ஆபத்து என்பது போன்ற நிலைமை இருக்க வேண்டும். உங்களைப் போன்றவர்களைப் பெரும்பாலும் கிளினிக்கின் குடும்ப மருத்துவ நிபுணரே பார்த்துக்கொள்வார். நிபுணரிடம் அனுப்பினாலும் காலையில் போய் மத்தியானம் வீடு திரும்பும் கதைதான்.

ஆபீஸுக்குத் தெரியுமா? மருத்துவர் உங்கள் விவரத்தை முதலாளிக்குச் சொல்லக்கூடாது. எம்.சி. என்னும் மருத்துவ விடுப்புத் தாளில் நோயின் பெயரை எழுத வேண்டாம் என்று கேட்கலாம். ஆனால் சின்னப் பட்டணம், கவுண்டரில் இருக்கும் தாதி உங்கள் மாமியார் ஊர்க்காரராக இருக்கலாம். அதைப் பற்றி நான் பொய்யாகத் தைரியம் சொல்ல மாட்டேன். சங்கடமாக இருந்தால் அடுத்த பட்டணத்துக் கிளினிக்குக்குப் போங்கள். புதிதாகக் காப்புறுதி எடுக்கும்போது மனநலச் சிகிச்சை பற்றிக் கேட்டால் மறைக்காமல் எழுதுங்கள், மறைத்தால் பிறகு பணம் கேட்கும்போது தகராறு வரும்.

சிகிச்சை இரண்டு வகை. ஒன்று பேச்சுவழிச் சிகிச்சை. சி.பி.டி. என்று சொல்லப்படும் முறைக்குத்தான் இதில் நல்ல ஆதாரம் இருக்கிறது. எண்ணத்தையும் பழக்கத்தையும் ஒன்றன்பின் ஒன்றாக மாற்றப் பயிற்சி தருவது. எல்லா அரசு கிளினிக்கிலும் ஆள் இருக்காது, காத்திருக்க நேரலாம். இன்னொன்று மருந்து. செர்ட்ராலின், எஸ்சிட்டலோபிராம் போன்றவற்றைத்தான் முதலில் தருவோம். முதல் ஒன்றிரண்டு வாரம் குமட்டலும், சிலருக்குப் பதற்றம் கொஞ்சம் கூடினது போலவும் இருக்கும். நிறையப் பேர் அங்கேதான் விட்டுவிடுகிறார்கள். பலன் தெரிய நான்கு முதல் ஆறு வாரம் பிடிக்கும். நன்றாக ஆன பிறகும் ஆறு மாதம் முதல் ஒரு வருடம் தொடர வேண்டும், நிறுத்தும்போது மெல்லக் குறைக்க வேண்டும். இவை சானாக்ஸ் போல ஆளை அடிமைப்படுத்துவதில்லை. முட்டிவலிக்கு உங்கள் கணவர் எடுக்கும் வலி மாத்திரைகளை நீங்களும் அடிக்கடி எடுப்பவரானால் முதலிலேயே சொல்லுங்கள். இரண்டும் சேர்ந்தால் வயிற்றில் ரத்தக் கசிவு வரும் வாய்ப்பு கூடுகிறது.

அதுவரை வீட்டில்

விடியற்காலை மூன்று மணிக்கு உங்கள் மனம் பெரட்டு கூப்பிடுகிறது, தோட்டத்தில் விடியலில் ஆட்களை வரிசையில் நிறுத்திக் கணக்கெடுப்பது போல. லோரி, மகள், தோட்டம், சர்க்கரை, எஸ்.பி.எம். எல்லாம் வரிசையாக வந்து கைகட்டி நிற்கின்றன. பெரட்டு நேரத்தை இனி நீங்கள் குறியுங்கள். தினமும் சாயங்காலம் ஆறு மணிக்கு, ஒரே இடத்தில், இருபது நிமிடம். நோட்டை எடுத்து வந்த கவலையையெல்லாம் எழுதுங்கள். ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில், நாளைக்கு என் கையால் செய்யக்கூடியது ஏதாவது உண்டா என்று எழுதுங்கள். இருந்தால் எந்த மணிக்கு என்று குறியுங்கள், இல்லாவிட்டால் கோடு போட்டு விடுங்கள். மற்ற நேரத்தில் கவலை வந்தால் விரட்ட வேண்டாம், விரட்டினால் கூடத்தான் செய்யும். ‘ஆறு மணிக்கு வா’ என்று சொல்லிவிட்டுக் கையில் இருக்கும் வேலைக்குத் திரும்புங்கள். முதல் வாரம் கேலியாகத் தோன்றும். செய்யுங்கள்.

மகளோடு ஓர் ஒப்பந்தம் போடுங்கள். இரவு ஒன்பது மணிக்கு அவள் ஒரு செய்தி அனுப்புவாள், இடையில் நீங்கள் அழைக்க மாட்டீர்கள். அறைத்தோழியின் நம்பரை அழித்துவிடுங்கள், ஆபத்து என்றால் அந்தப் பெண்ணே அழைப்பாள். கணவர் விஷயத்தில் ஒரே நாளில் நிறுத்த முடியாது, தெரியும். அழைக்கத் தோன்றியதும் பதினைந்து நிமிடம் தள்ளிப்போடுங்கள், அடுத்த வாரம் அரை மணி நேரம். காத்திருக்கும்போது பதற்றம் ஏறும், உச்சிக்குப் போகும், பிறகு தானாகவே இறங்கும். நீங்கள் அழைக்காமலேயே அது இறங்குவதை ஒருமுறை உடம்பு பார்த்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

மூன்று மணிக்கு விழித்தால் மணி பார்க்காதீர்கள், ஃபோனை அறைக்கு வெளியே வையுங்கள். தூக்கம் வராது என்று தோன்றினால் எழுந்து கூடத்தில் உட்காருங்கள், கண் சொக்கும்போது திரும்பப் படுங்கள். தோள் இறுக்கத்துக்கு, தோளைக் காதுவரை தூக்கி ஐந்து எண்ணும்வரை இறுக்கிப் பிடித்து விடுங்கள். மூச்சை உள்ளிழுப்பதைவிட வெளியே விடுவதை நீளமாக்குங்கள். வேலை முடிந்து அரை மணி நேரம் வேகமாக நடப்பதும் உண்மையிலேயே உதவும்.

கணவரிடம் இந்தப் பதிலைக் காட்டுங்கள். ‘வேலை இல்லாம யோசிக்கிற’ என்பது நியாயமில்லை. ஆபீஸ், வீடு, இனிப்பு நீர் உள்ள தாயார் மூன்றையும் பார்க்கிறவருக்கு வேலை இல்லை என்று யார் சொல்வது? ஆனால் அவரும் பயந்துபோய்த்தான் அப்படிச் சொல்கிறார் என்று நினைக்கிறேன். முதல் தடவை கிளினிக்குக்கு அவரையும் கூட்டிப் போங்கள்.

நடக்கும்போதோ படியேறும்போதோ நெஞ்சு அழுத்தி, வலி கைக்கோ தாடைக்கோ பரவினால் பதற்றம் என்று உட்கார்ந்துவிடாதீர்கள், 999-ஐ அழையுங்கள். வாழவே வேண்டாம் என்ற எண்ணம் தலைகாட்டினால் கிளினிக் நாள்வரை காத்திருக்கக் கூடாது. சுகாதார அமைச்சின் ஹீல் தொலைபேசி எண் 15555; பிஃப்ரெண்டர்ஸ் தொண்டு அமைப்பு 03-7627 2929.

பின்குறிப்பில் கோப்பியை விடணுமா என்று கேட்டிருந்தீர்கள். ஒரு நாளைக்கு ஐந்து கோப்பி, கடைசி ஒன்று இரவு எட்டு மணிக்கு! படபடப்புக்கும் மூன்று மணி விழிப்புக்கும் அதிலும் பங்கு இருக்கிறது. முழுவதுமாக விட வேண்டாம், ஒரேயடியாக நிறுத்தினால் தலைவலி வரும். வாரத்துக்கு ஒன்றாகக் குறைத்து இரண்டில் நிறுத்துங்கள், இரண்டாவதை மத்தியானத்துக்கு முன்னால் குடித்துவிடுங்கள். தே தாரிக்கும் இந்தக் கணக்கில்தான் சேரும்.